மூன்று படம், ஒரே பலகை

டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது, பந்து வீசுபவருக்குப் பின்னால் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு பெரிய திரை நிற்குமே, கவனித்திருக்கிறீர்களா? அதற்கு சைட் ஸ்கிரீன் என்று பெயர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்து மட்டைக்கு வந்து சேர ஏறக்குறைய அரை நொடிதான் ஆகும். அதற்குள் பந்து எங்கே வருகிறது என்று மட்டைக்காரர் கண்டுபிடித்தாக வேண்டும். பின்னால் கூட்டமும் கொடியுமாக இருந்தால் பந்து அதில் மறைந்துவிடும். அதனால்தான் இந்த வெறும் திரை. சிவப்புப் பந்து ஆட்டத்துக்கு வெள்ளைத் திரை, வெள்ளைப் பந்து ஆட்டத்துக்குக் கறுப்புத் திரை.

ஆறு பந்து முடிந்து ஓவர் மாறினால் எதிர்முனையிலிருந்து பந்து வரும். அடுத்த ஆறு பந்துக்கு இந்தத் திரைக்கு வேலை இல்லை. சும்மா கிடக்கும் இடத்தை விளம்பரக்காரர்கள் விட்டுவைப்பார்களா? சில மைதானங்களில் அந்தத் திரை அப்படியே கோடு கோடாகப் பிளந்து திரும்பி, விளம்பரமாகிவிடும். ஓவர் முடிந்ததும் மறுபடி வெறும் திரை. எப்போதாவது பாதியில் சிக்கிக்கொண்டு, விளம்பரம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைச் சரிசெய்யும்வரை ஆட்டமே நிற்கும்!

சாலையோரங்களிலும் இந்த மாதிரிப் பலகைகள் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால், அது ஒரே பலகை இல்லை என்று தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட அலுமினியத் தூண்கள் நெருக்கமாக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் முப்பட்டகம். அறிவியல் பாடத்தில் வெள்ளை ஒளியை ஏழு நிறமாகப் பிரித்துக் காட்டுவார்களே, அந்தக் கண்ணாடித் துண்டின் வடிவம்தான். ஆனால் இது உள்ளே கூடாக, எடை குறைவாக இருக்கும்.

ஒரு முப்பட்டகத்துக்கு மூன்று முகம். முதல் விளம்பரத்தை முழு அளவில் அச்சடித்து, ஒரு முகத்தின் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி, எல்லாத் தூண்களின் முதல் முகத்திலும் வரிசையாக ஒட்டுவார்கள். இரண்டாவது விளம்பரம் இரண்டாவது முகங்களில், மூன்றாவது மூன்றாவதில். முகம் 10 சென்டிமீட்டர் அகலம், பலகை 6 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 60 தூண், 180 பட்டை. வரிசையில் ஒரு பட்டை மாறினாலும் விளம்பரத்தில் சிரிக்கிறவரின் மூக்கு காதுக்குப் பக்கத்தில் போய்விடும்.

ஒவ்வொரு தூணும் 120 டிகிரி திரும்பினால் அடுத்த படம். அதாவது முழுச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு. பாதி வழியில், 60 டிகிரி திரும்பிய நொடியில், எல்லாத் தூண்களின் கூர் முனையும் உங்களைப் பார்த்து நிற்கும். இடது பக்கம் நிற்பவருக்கு ஒரு படம், வலது பக்கம் நிற்பவருக்கு வேறு படம் தெரியும்.

சரி, ஏன் மூன்று? நான்கு முகம் வைத்தால் நான்கு விளம்பரம், கூடுதல் காசு. ஐந்து முகம் வைத்தால் இன்னும் லாபம். ஏன் யாரும் செய்வதில்லை? பழைய காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், நான்கு குண்டூசி, ஒரு தெர்மாகோல் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 6 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரங்கள். மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். ஊசிக்கு ஊசி 6 செ.மீ. தூரம் வைத்து, இரண்டு சதுரமும் பக்கம் ஒட்டி நிற்கும்படி குத்துங்கள். ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அசையாது! சதுரத்தின் மூலை மையத்திலிருந்து 4.2 செ.மீ. தள்ளி இருக்கிறது, பக்கத்துச் சதுரத்தின் சுவரோ 3 செ.மீ. தூரத்திலேயே வந்துவிடுகிறது. மூலை அந்தச் சுவரில் இடிக்கும். இடிக்காமல் இருக்க இடைவெளி விட்டால், படத்தின் நடுவே பட்டைக்குப் பட்டை சந்து தெரியும்.

இப்போது 6 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சமபக்க முக்கோணங்கள். நடுக்கோடுகள் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஊசி. அடிப்பக்கங்கள் ஒரே நேர்கோட்டில், முனையோடு முனை தொட்டபடி இருக்கட்டும். இங்கும் ஊசிக்கு ஊசி 6 செ.மீ.தான். ஒன்றை மட்டும் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு திரும்பும். பக்கத்து முக்கோணத்தை உரசினாலும் உரசும், இடிக்காது.

முக்கோணத்தின் முனை மையத்திலிருந்து ஏறக்குறைய 3.46 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதாவது திரும்பும்போது இரண்டு ஊசிக்கும் சரிபாதியான இடத்தைத் தாண்டி ஏறக்குறைய அரை செ.மீ. அளவு அடுத்தவர் எல்லைக்குள் நீட்டத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த முக்கோணத்தின் சுவர் நேராக நிற்கவில்லை. அடிக்கோட்டோடு 60 டிகிரி கோணத்தில் சாய்ந்து விலகிப் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஆங்கில வி போல ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. முனை நுழைந்து போவது அந்தக் காலியிடத்தில்தான். முனை சுற்றும் பாதையை ஒரு வட்டமாக வரைந்தால், பக்கத்து முக்கோணத்தின் சுவர் அந்த வட்டத்துக்குத் தொடுகோடு! இரண்டும் முனையோடு முனை சேர்ந்த அந்த ஒரே புள்ளியில் மட்டும் தொடும். எனக்கு இந்தப் பலகையில் பிடித்த விஷயமே இதுதான். ஒரு மயிரிழை கூட வீணாகாமல் இவ்வளவு கச்சிதமாக அமைந்த வடிவத்தை யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. சமபக்க முக்கோணம் என்றாலே அது அப்படித்தான். 

ஐங்கோணம்? அது வட்டத்தொட்டி மாதிரி வயிறு பெருத்தது. 6 செ.மீ. பக்கமுள்ள ஐங்கோணத்தின் அகலம் 9.7 செ.மீ. இரண்டை அருகே வைத்தால் வயிறு முட்டிக்கொள்ளும், முகங்கள் சேரவே சேராது. ஆறு, ஏழு, எட்டு எல்லாம் இன்னும் மோசம். ஆகவே முகங்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து வைத்துச் சுழற்ற வேண்டுமானால் இரண்டே வழி: ஜன்னல் மறைப்புத் தகடு மாதிரி இரண்டு முகம், அல்லது மூன்று முகம். விளம்பரக்காரர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் நான்காவதுக்கு இடமில்லை.

ஊசியை எடுத்துவிடாதீர்கள், இன்னொன்று பாக்கி. இரண்டு முக்கோணங்களையும் ஒரே நேரத்தில், உங்கள் இஷ்டத்துக்குத் திருப்புங்கள். இதன் முனையும் அதன் முனையும் நேருக்கு நேர் வரப் பார்த்தால் 3.46 கூட்டல் 3.46, 6.92 செ.மீ. வேண்டும். இருப்பதோ 6. இடிக்கும்! அதனால் தூண்களைத் தனித்தனியே திரிய விடக்கூடாது. எல்லாம் ஒரே அளவில் ஒன்றாகத் திரும்ப வேண்டும், அல்லது ஒன்று திரும்பி முடித்த பிறகு அடுத்தது என்று வரிசையாகத் திரும்ப வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பாற்றப் பலகையின் நீளத்துக்கும் ஒரு தண்டு ஓடும் வகை உண்டு. ஒரே மோட்டார் அந்தத் தண்டைச் சுற்ற, தண்டு பற்சக்கரங்கள் வழியாக அத்தனை தூண்களையும் சுற்றும்.

பற்சக்கரத்தில் வார்ம் கியர் என்று ஒரு வகை. திருகாணி போல மரை போட்ட தண்டு ஒரு சக்கரத்தின் பல்லோடு பொருந்தியிருக்கும். மரை சுற்றினால் சக்கரம் சுற்றும். சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் மரை சுற்றாது. கிட்டாரில் கம்பியை முறுக்கும் திருகுகளிலும் இதுதான் இருக்கிறது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் திருகு தானாகத் தளராது. விளம்பரத் தூணில் இதைப் போட்டால், பலத்த காற்று அடித்தாலும் தூண் தானாகத் திரும்பாது.

வெயிலுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். 3 மீட்டர் உயர அலுமினியத் தூண், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். மேலும் கீழும் இறுக்கிப் பிடித்திருந்தால் வளைந்துகொள்ளும். ஆகவே ஒரு முனையில் கொஞ்சம் நீளுவதற்கு இடம் விட வேண்டும்.

மூன்று முகத் தூணைத் திருப்பிப் படம் மாற்றும் யோசனை மிகப் பழையது. 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நாடக அரங்கம் கட்டுவது பற்றி எழுதும்போது இதைச் சொல்கிறார். மேடையின் இரு பக்கமும் சுழலும் முக்கோணத் தூண்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு அலங்காரம். திடீர் இடிமுழக்கத்தோடு தெய்வங்கள் மேடைக்கு வரும் கட்டத்தில் அவற்றைத் திருப்பிக் காட்சியை மாற்றுவார்களாம். கிரேக்கர்கள் அதற்கு வைத்த பெயர் பெரியாக்டோய். 

மூன்று படம் போதாது, ஐந்து வேண்டும் என்றால் வேறு இயந்திரம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை. ஐந்து விளம்பரத் தாள்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, நீளச் சுருளாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றுவது. ‘இத்தனை சுற்று சுற்றினால் ஒரு தாள்’ என்று கணக்கு வைத்தால் ஏமாந்துபோவோம். உருளையின் ஆரம் 5 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 31.4 செ.மீ. தாள் ஏறும். தாள் சுற்றிச் சுற்றி ஆரம் 6 செ.மீ. ஆனதும் அதே ஒரு சுற்றுக்கு 37.7 செ.மீ. ஏறும். படம் பாதியில் நிற்கும். இதற்கு ஒரு வழி, தாளின் ஓரத்தில் ஒரு குறி போட்டுவைப்பது. ஒளி உணரி அந்தக் குறியைப் பார்த்ததும் மோட்டார் நின்றுவிடும்.

பெட்டியைத் திறக்காமலே உள்ளே எது இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். முக்கோணத் தூண் என்றால் 1, 2, 3, 1, 2, 3 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சுருளுக்கு முடிவு உண்டு; ஐந்தாவது தாள் வந்ததும் திரும்பி வந்தாக வேண்டும். 1, 2, 3, 4, 5, 4, 3, 2, மறுபடி 1. எண்ணிப் பாருங்கள்: ஒரு முறை போய் வருவதற்குள் நடுவில் இருக்கும் மூன்று தாளும் இரண்டிரண்டு தடவை தெரிகின்றன, முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே ஒரு தடவைதான். அந்த இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்களே! ஓரத்துத் தாள்கள் வரும்போது மட்டும் மோட்டாரை இரண்டு மடங்கு நேரம் நிறுத்திவைத்தால் கணக்கு சரியாகிவிடும்.