நல்ல கோச்னா டீம் காலியாகும்! அமெரிக்க கல்லூரி கால்பந்தில் கேலப் போர்ட்டர் சந்தித்த சிக்கல்

2011 ஜனவரி. அமெரிக்காவின் தொழில்முறை கால்பந்து லீகான எம்.எல்.எஸ்-ஸில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்குது. முதல் 8 பெயர்களில் 5 பேர் ஒரே கல்லூரி டீம். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் பல்கலைக்கழகம். டயர் கம்பெனிகளால் பேர் வாங்கிய ஊர். அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் அந்த டீம் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது.

கோச் கேலப் போர்ட்டருக்கு இதைவிடப் பெருமை கிடையாது. அடுத்த சீசனுக்கு ஆள் யாருங்கிறது வேற விஷயம்!

யார் இவர்?

போர்ட்டரும் எம்.எல்.எஸ்-ஸில் ஆடியவர்தான். 1998-ல் சான் ஹோசே கிளப்பில் நுழைந்தார், பிறகு டாம்பா பே. காயம் விடவில்லை. 2000-லேயே ஆட்டம் முடிந்தது, அப்போ வயசு 25. படித்த இண்டியானா பல்கலைக்கழகத்துக்கே உதவி கோச்சாகத் திரும்பினார். 2003, 2004 என அந்த டீம் அடுத்தடுத்து தேசிய பட்டம் வென்றது. 2006-ல் ஆக்ரன் அவரைத் தலைமை கோச் ஆக்கியது.

கல்லூரி டீம்தானே, ஈஸின்னு நினைக்க வேண்டாம். அப்போதைய விதிப்படி ஆண்கள் கால்பந்து டீம் ஒன்றுக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப். எழுத்துப்பிழை இல்லைங்க, ஒன்பது புள்ளி ஒன்பது. இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அதைப் பாதி, கால்னு பிரித்துக் கொடுக்கணும். சீசன் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்துவிடும். வெளியே போன வீரர் மறுபடி உள்ளே வரலாம் என்பதால், ஆள் மாற்றி ஆள் மாற்றி ஓடவிட்டு ஜெயிக்கப் பார்க்கும் டீம்கள் நிறைய. போர்ட்டர் அதற்கு நேர் எதிர். பந்தைத் தரையிலேயே வைத்து பாஸ் பாஸா ஆட வைத்தார்.

எம்.எல்.எஸ். கிளப்கள் கண் வைத்தது அங்கேதான். டிராஃப்டை நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரி நினைச்சுக்கலாம். ஆனா காசு பேரம் கிடையாது, கிளப்கள் வரிசையா வந்து ஆளுக்கு ஒருத்தரா எடுத்துக்கும். 2009-ல் முதல் பெயரே ஆக்ரனின் ஸ்டீவ் ஸகுவானி. அந்த வருஷ சீசனில் ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் ஆக்ரன் ஃபைனல் போனது. வர்ஜீனியாவுடன் கோல் இல்லாத டிரா, பெனால்ட்டியில் 3-2 தோல்வி. நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது வாங்கிய டீல் பன்பரி அதோடு கிளம்பிவிட்டார். போர்ட்டரையும் ஒரு எம்.எல்.எஸ். கிளப் அணுகியது. அவர் போகவில்லை.

2010 டிசம்பரில் மறுபடி ஃபைனல். லூயிவில்லுக்கு எதிராக ஸ்காட் கால்ட்வெல் அடித்த ஒரே கோலில் 1-0. ஆக்ரன் கால்பந்துக்கு முதல் தேசிய பட்டம். அதற்கப்புறம்தான் அந்த 5 பேர் கிளம்பினார்கள். ஒரு கிளப் கோச் இந்த மாதிரி வீரர்களை விற்றால் கிளப்புக்குக் காசாவது வரும். கல்லூரிக்கு அதுவும் கிடையாது. கோச் மறுபடி பள்ளிக்கூட மைதானங்களுக்குப் போய் 17 வயசுப் பையன்களைத் தேடணும்.

சறுக்கிய 2012

ஆக்ரனில் இருந்தபடியே அமெரிக்காவின் 23 வயதுக்குட்பட்டோர் டீமையும் போர்ட்டர் பார்த்துக்கொண்டார். லண்டன் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எல் சால்வடாரை ஜெயித்தே ஆகணும். 3-2 முன்னிலை. இஞ்சுரி டைமில் ஒரு கோல் விழுந்து 3-3. ஒலிம்பிக் வாய்ப்பு காலி. கல்லூரி கோச்சுக்கு இவ்வளவு பெரிய வேலை தேவையான்னு விமர்சனம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஒரு கோலை வைத்து ஏழு வருஷ உழைப்பை எடை போட்டது கொஞ்சம் ஓவர்தான்.

அதே ஆகஸ்டில் போர்ட்லேண்ட் டிம்பர்ஸ் கிளப் அவரை அறிவித்தது. ஆக்ரன் சீசனை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். முதல் வருஷமே, 2013-ல், எம்.எல்.எஸ்-ஸின் சிறந்த கோச் விருது. 2015-ல் கோப்பை. அந்த டீமின் நடுக்களத்தில் டார்லிங்டன் நாக்பி. 2011 டிராஃப்டில் ஆக்ரனிலிருந்து போன அந்த 5 பேரில் ஒருவர். கோச் வருவதற்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அவரை எடுத்து வைத்திருந்தது போர்ட்லேண்ட்.