மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

உடப்புசல்லாவையில் வாழ்வோருக்கு மோட்டார் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு காலத்தில் ஓடிய சிறிய புகையிரதம் 1940-களிலேயே மறைந்துவிட்டது. இன்று நுவரெலியாவுக்குச் செல்ல வேண்டுமாயின், தேயிலை மலைகளூடே வளைந்து வளைந்து ஏறும் வீதியே நமக்குக் கதி. ஆசிரியரைப் பாடசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் வண்டியே. இரவில் லயத்திலே காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் வண்டியே.

அவ்வண்டிகளுட் பெரும்பாலானவை பழையவை. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. திறந்த வழியும் சம்பளக்காரர் நடக்கக்கூடிய வழியன்று. ஆகவே கையில் இருக்கும் பழைய வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பேணுதல் நமக்குக் கடமையாகின்றது. அவ்வாறு பேணுவோரை அடிக்கடி கலங்க வைப்பது, ஓட்டுநருக்கு எதிரே திடீரென எரியத் தொடங்கும் ஒரு மஞ்சள் விளக்கு. இயந்திரத்தின் உருவம் பொறித்த அவ்விளக்கை 'செக் என்ஜின்' விளக்கு என்பர். அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். நான் இயந்திர நூல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. பணத்தை இழந்து பாடம் கற்றவன் என்ற முறையிலேயே பேசுகின்றேன்.

முதலிலே விளக்குகளுக்கிடையே வேற்றுமை அறிதல் வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்ததென்றும், இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறியதென்றும் கூறுபவை சிவப்பு விளக்குகள். அவை எரிந்தால் அக்கணமே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். மஞ்சள் விளக்கு அத்தகையதன்று. அது நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடுமாயின், நிதானமாக ஓட்டிக் கராஜ் வரை செல்லலாம். ஆனால் அது விட்டு விட்டு மினுக்குமாயின் செய்தி வேறு. சிலிண்டரில் பெற்றோல் எரியாமலே வெளியேறுகின்றது என்பது அதன் பொருள். அவ்வாறு வெளியேறும் பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கன்வேட்டர் என்னும் நச்சுநீக்கியிற் சென்று எரிந்து, அதனை உருக்கிக் கெடுத்துவிடும். அப்போது ஏற்றத்தில் வண்டியை விரட்டுதல் கூடாது. வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். காய்ந்த புல்லின்மேல் நிறுத்துவதும் ஆகாது. பழுக்கக் காய்ந்த கன்வேட்டர் புல்லில் நெருப்பு மூட்டவல்லது.

இவ்விளக்கு எதற்காகத் தோன்றிற்று? அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டம் சூழ்ந்த காலத்தில், ஹாகன் ஸ்மிட் என்ற இரசாயன அறிஞர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஆவிகள் சூரிய ஒளியில் மாற்றமடைந்தே அம்மூட்டம் உண்டாகின்றதென 1950-களில் அவர் எடுத்துக் காட்டினார். அதன் பின் வண்டிப் புகைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. தன் புகை கெட்டுவிட்டதை வண்டியே அறிந்து கூற வேண்டும் என்ற விதி கலிபோர்னியாவில் 1988-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் நடைமுறைக்கு வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்துக்கும் ஒரே வகையான சோதனைமுறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2001-இல் பெற்றோல் கார்களுக்கு அது வந்தது. ஆகவே இவ்விளக்கு முதன்மையாகப் புகையைக் காக்கும் காவலாளி. நமது நாட்டிலும் 2008 முதல், ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டியிருப்பதை நேயர்கள் அறிவீர்கள். அப்பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறை செய்வதை இவ்விளக்கு நாள்தோறும் செய்கின்றது.

இனி, அது எவ்வாறு அறிகின்றது எனப் பார்ப்போம். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இயந்திரத்திலுள்ள சிறு கணினி, சென்சர் எனப்படும் உணர்கருவிகளைக் கேட்டுக் கேட்டு இந்த அளவைக் காக்கின்றது. அவற்றுள் ஒன்று ஒட்சிசன் சென்சர். புகைக்குழாயில் அமர்ந்து, எரிந்தது போக எஞ்சிய ஒட்சிசன் எவ்வளவு என்பதை அது சொல்லும். ஒட்சிசன் மிகுந்தால் கணினி பெற்றோலைக் கூட்டும். குறைந்தால் பெற்றோலைக் குறைக்கும். கூட்டியும் குறைத்தும் சரிப்படாத நிலை வரும்போது, ஓர் எண்ணைத் தன் நினைவில் எழுதிவைத்துவிட்டு விளக்கை ஏற்றும். பெரும்பாலான குறைகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிற் கண்ட பின்னரே அது விளக்கேற்றுகின்றது. ஆகையால் அதை வீண் பயமுறுத்தல் எனத் தள்ளிவிடலாகாது.

மலை ஏறினால் இவ்விளக்கு எரியத்தான் செய்யும் என்று சிலர் கூறுவர். அது சரியன்று. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலிருப்பதை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மையே. பழைய கார்புரேட்டர் வண்டிகள் அதனால் இடர்ப்பட்டன. கணினி வண்டிகளோ அதனை அறிந்து பெற்றோலின் அளவைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

நினைவில் எழுதிய எண்ணை அறிவது எப்படி? 1990-களில் வந்த டொயோட்டா வண்டிகள் பலவற்றில் பொனட்டின் கீழே ஒரு சிறு பெட்டி உண்டு. அதிலே டி.ஈ.1, ஈ.1 எனக் குறிக்கப்பட்ட இரு துளைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், விளக்கே மினுக்கி எண்ணைச் சொல்லும். இரு முறை ஒளிர்ந்து, சற்றே ஓய்ந்து, ஒரு முறை ஒளிருமாயின் அது 21; ஒட்சிசன் சென்சரைப் பற்றியது. ஓய்வின்றிச் சீராக மினுக்குமாயின் குறை எதுவும் எழுதப்படவில்லை என்பது பொருள். துளை மாறினால் கேடு விளையுமாதலின், பழகியவரே இதைச் செய்தல் நன்று. பிற்கால வண்டிகளில் ஸ்டியரிங்கின் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு வாய் இருக்கும். அதிலே ஸ்கேனர் என்னும் கருவியைப் பொருத்தினால் 'பீ 0171' என்பது போன்ற ஓர் எண் தோன்றும். 'பீ' என்ற எழுத்து இயந்திரப் பகுதியைக் குறிக்கும். அடுத்த சுழியம், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண் என்பதைக் காட்டும். மூன்றாவதாக நிற்கும் 1, காற்றும் பெற்றோலும் பற்றிய குறை என்பதைக் காட்டும். அவ்விடத்தில் 3 இருப்பின் தீப்பொறி பற்றியது. 4 இருப்பின் புகைக் கட்டுப்பாடு பற்றியது.

இந்த இடத்திலேதான் நான் தவறினேன். என்னிடம் உள்ளது 2003-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு ஜப்பானிய வண்டி. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், இராகலை ஏற்றத்தில் விளக்கு எரிந்தது. ஒரு கராஜில் ஸ்கேனர் வைத்துப் பார்த்தார்கள். பீ 0171 என்று வந்தது. காற்று மிகுதி, பெற்றோல் குறைவு என்பது அதன் பொருள். "ஒட்சிசன் சென்சர்தான் அப்படிச் சொல்கிறது, அதை மாற்றிவிடுவோம்" என்றார்கள். ஏறக்குறைய அரை மாதச் சம்பளம் போயிற்று. பத்து நாட்களில் விளக்கு மீண்டும் எரிந்தது. "அப்படியானால் கன்வேட்டரையும் மாற்ற வேண்டும்" என்றார்கள். அதற்கு என்னிடம் வசதியில்லை.

பின்னர், என்னிடம் படித்து இப்போது மோட்டார் வேலை செய்யும் ஓர் இளைஞனிடம் வண்டியைக் காட்டினேன். அவன் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. "சேர், எப்போது எரிந்தது? காலைக் குளிரிலா, ஏற்றத்திலா? நிற்கும்போது இயந்திரம் நடுங்குகிறதா?" என்று கேட்டான். நிற்கும்போது நடுக்கம் உண்டு என்றேன். பிறகு ஸ்கேனரைப் பொருத்தி, கணினி எத்தனை சதவீதம் பெற்றோலைக் கூட்டுகின்றது என்று பார்த்தான். வண்டி சும்மா நின்று இயங்கும்போது 24 சதவீதம் கூட்டிற்று. அக்சிலேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை உயர்த்தியபோது அது 6 சதவீதத்துக்கு இறங்கிற்று.

"சேர், எங்கோ ஓர் ஓட்டையால் காற்று புகுகிறது" என்றான். அவன் விளக்கிய காரணம் எளிது. இயந்திரம் மெதுவாக இயங்கும்போது சிறிதளவு காற்றையே இழுக்கின்றது. அப்போது திருட்டு வழியாகப் புகும் காற்று பெரிய பங்காகத் தெரியும். வேகம் கூடிப் பெருங்காற்று செல்லும்போது அந்தத் திருட்டுக் காற்று அற்பமாகிவிடும். பெற்றோல் பம்பு நலிந்திருந்தாலோ இதற்கு மாறாக, வேகமும் பாரமும் கூடக் கூடக் குறை பெருகும். சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினான். காற்றுக்குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு இறப்பர்க் குழாய் முதுமையால் வெடித்திருந்தது. அதை மாற்ற ஆன செலவு சென்சர் விலையின் பக்கத்தில் வைத்து எண்ணத் தக்கதன்று. நான் பத்திரமாக வைத்திருந்த பழைய சென்சரையும் அவன் மீண்டும் பூட்டி ஓட்டிக் காட்டினான். விளக்கு எரியவில்லை. "சேர், சொன்னவனை மாற்றிவிட்டார்கள், செய்தவனை விட்டுவிட்டார்கள்" என்றான்.

அன்றிரவு எனக்குப் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. நான் அதிபரான புதிதில் ஒரு சிறுவன் ஓடிவந்து, வகுப்பறைக் கண்ணாடி உடைந்துவிட்டதென்றான். ஏதோ அவசரத்தில் இருந்த நான், விசாரியாமல் அவனையே வெளியில் நிறுத்தினேன். காற்றில் ஜன்னற் கொக்கி கழன்று அடித்துக் கண்ணாடி உடைந்ததென்பது மாலையிலேதான் தெரிந்தது. அதன் பின் அச்சிறுவன் என்னிடம் எந்தச் செய்தியையும் கொண்டுவரவில்லை. கராஜில் நடந்ததைக் குறைகூற எனக்கு அதிக உரிமை இல்லை.

ஆகவே நேயர்களே, ஸ்கேனரில் தோன்றும் எண் ஒரு முறைப்பாடு, தீர்ப்பன்று. முறைப்பாட்டைக் கேட்டபின் விசாரணை நடத்த வேண்டும். பீ 0420 என்று வந்தால் கன்வேட்டர் சரிவரத் தொழிற்படவில்லை எனக் கணினி ஐயுறுகின்றது. புகைக்குழாயில் ஓட்டை உண்டா, எரியாத பெற்றோல் அதனுட் சென்றுகொண்டிருக்கின்றதா என்று பாராமல் புதியது பூட்டினால், அதுவும் விரைவிற் கெடும். பீ 0300 முதல் 0304 வரை வந்தால் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது. ஈற்றிலக்கம் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும். சுழியமாயின் பல சிலிண்டர்கள். மூடுபனியும் ஈரமும் மிகுந்த நம் பகுதியில், முதலில் பிளக்குகளையும் கொயில்களையும் நோக்குக. பீ 0128 வந்தால் இயந்திரம் உரிய வெப்பத்தை அடையவில்லை. வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை எனக் கூறித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நமது மலைக்குளிரில் அது பெற்றோலை வீணாக்கும் வழி.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். எப்போது, எந்த ஏற்றத்தில், எந்த வானிலையில் எரிந்தது எனக் குறித்துக்கொள்க. பொனட்டைத் திறந்து, ஆறிய இயந்திரத்தில் கழன்ற குழாயோ வயரோ உண்டா எனப் பார்க்க. பெற்றோல் மூடியையும் இறுக்குக. எனினும் எல்லா வண்டிகளும் மூடியைச் சோதிப்பதில்லையாதலின் அத்துடன் திருப்தியடைய வேண்டா. பற்றரியைக் கழற்றி விளக்கை அணைப்பது, கடிதத்தைப் படியாமல் எரிப்பதற்கு ஒப்பாகும். எண்ணும் அழியும், குறையும் மீளும். கராஜில் எண்ணை எழுதி வாங்குக. 'எந்தச் சோதனையால் இந்த உறுப்புக் கெட்டதென அறிந்தீர்கள்?' என்று மரியாதையாகக் கேட்க. நல்ல வேலைக்காரர் அக்கேள்வியை விரும்புவர். கழற்றிய பழைய உறுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்க.

பழைய வண்டி வாங்குவோருக்கும் ஒரு சொல். சாவியைத் திருப்பியதும் இவ்விளக்கு எரிய வேண்டும். இயந்திரம் இயங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால், பல்பு கெட்டிருக்கலாம். அல்லது குறையை மறைக்க யாரேனும் அதைக் கழற்றியிருக்கலாம். எரியாத விளக்கைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

நள்ளிரவில் ஒரு தாய் காய்ச்சற் குழந்தையுடன் வாசலில் வந்து நிற்கும்போது, நமது வண்டி புறப்பட வேண்டும். மூடுபனியிலும் மலையேறி ஆஸ்பத்திரியை அடைய வேண்டும். அதற்கு முன்னதாகவே குறையைச் சொல்லிவைப்பதற்காக அச்சிறு மஞ்சள் விளக்கு எரிகின்றது. அதைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அலட்சியம் செய்யவும் வேண்டா. விசாரிப்போமாக.