டியூஷனா, தனியார் பள்ளியா? ஆறாம் வகுப்புக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பகுதியில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை அரசுப் பள்ளியிலேயே விட்டு மாலையில் டியூஷனுக்கு அனுப்புவதா, அல்லது எப்படியாவது பணம் புரட்டித் தனியார் பள்ளியில் சேர்ப்பதா? சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் தந்தைக்குப் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. தாய் அதிகம் படிக்காதவராக இருந்தால் பாடம் சொல்லித்தரவும் முடிவதில்லை. எனவே "காசைக் கட்டிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது.

ஆனால் இந்த முடிவு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு வரை கூடவே வரக்கூடியது. குறிப்பாக, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இதை அவசரத்தில் எடுக்கக் கூடாது. ஏன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

புத்தகம் ஒன்றுதான்

மெட்ரிக் பள்ளி என்றால் வேறு பாடத்திட்டம், உயர்ந்த பாடம் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. முதலில் 1, 6-ஆம் வகுப்புகளிலும், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மற்ற வகுப்புகளிலும் பொதுப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று அரசுப் பள்ளி மாணவரும் மெட்ரிக் பள்ளி மாணவரும் எழுதுவது ஒரே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத்தான். சி.பி.எஸ்.இ. போன்ற பள்ளிகளில்தான் வேறு பாடத்திட்டம். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டுள்ளன.

அப்படியானால் மெட்ரிக் பள்ளிக்குக் கொடுக்கும் பணம் எதற்கு? கண்காணிப்பு, ஆங்கிலம் பேசும் பழக்கம், வகுப்புக்கு ஓர் ஆசிரியர், வீடு வரை வரும் வேன் ஆகியவற்றுக்கு. இவை பயனுள்ளவைதான். ஆனால் எல்லாத் தனியார் பள்ளிகளிலும் இவை கிடைத்துவிடுவதில்லை. கட்டடத்தையும் சீருடையையும் பார்த்து முடிவு செய்யாமல், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரிப்பதே நல்லது.

ஆறாம் வகுப்பு என்னும் வாசல்

நம் சமுதாயத்தில் பலருக்கும் தெரியாமல் போவது இந்தச் செய்திதான். 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்குச் சில சலுகைகள் உள்ளன.

முதலாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புகளுக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 2021-லும் இதற்கான சட்டங்கள் வந்தன. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மருத்துவத்திற்கு நீட் தேர்வு எழுத வேண்டும் என்றாலும், போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ளேயே நடக்கும்.

இரண்டாவது, கல்லூரியில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன.

மூன்றாவது, என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய வருவாய் வழித் திறன் படிப்பு உதவித்தொகை. எட்டாம் வகுப்பில் எழுதும் இந்தத் தேர்வில் தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களும் எழுதலாம். சுயநிதித் தனியார் பள்ளி மாணவர்கள் எழுத முடியாது.

இடையில் ஆறாம் வகுப்பையோ ஏழாம் வகுப்பையோ ஓராண்டு மட்டும் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும், பிறகு அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும், 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. "பத்தாவது வரை மெட்ரிக்கில் படிக்கட்டும், பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளி ஆகாது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடு எந்தப் பள்ளியில் படித்தாலும் உண்டு. 7.5 சதவீதம் அப்படி அல்ல.

கட்டணமில்லாத் தனியார் பள்ளி இடம்

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்' வருவதால், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களும் சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் மட்டுமே இந்தச் சேர்க்கை நடக்கும். சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே நம் அமைப்புகளோ கிறிஸ்தவ அமைப்புகளோ நடத்தும் பள்ளிகளில் இந்த இடத்தை எதிர்பார்க்க முடியாது.

இதில் சேர்ந்த பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் தொடங்கிவிடும். அப்போது 9-ஆம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றி 12 வரை அங்கேயே படிக்க வைத்தால், மருத்துவத்துக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தப் பிள்ளை தகுதி பெறும். சட்டம் அப்படித்தான் வரையறுத்துள்ளது.

டியூஷன் எதைச் சரிசெய்யும்?

டியூஷனுக்கு அனுப்பும் முன் பிள்ளைக்கு எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நான்கு வரி வாசிக்கட்டும். வகுத்தல் கணக்கு ஒன்று போடட்டும். வாசிப்பில் தடுமாறினால், அந்தப் பிள்ளைக்குத் தேவை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கும் ஓர் ஆசிரியர். முப்பது பேரை உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதவைக்கும் இடம் அதைச் செய்யாது. பள்ளியை மாற்றினாலும் அந்தக் குறை கூடவேதான் போகும்.

நம் பகுதியில் உருது பேசும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு பின்தங்கினால் அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்தே பின்தங்கும். அவர்களுக்கு முதல் டியூஷன் தமிழுக்குத்தான் தேவை.

நேரத்தையும் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்து மக்தப், அதன்பின் டியூஷன், இரவு வீட்டுப்பாடம் என்று போனால் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தூக்கமே மிஞ்சாது. டியூஷன் வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்றால் மூன்று நாளே அனுப்புங்கள். இருட்டிய பிறகு ரயில் பாதையையோ நெடுஞ்சாலையையோ கடந்து வரவேண்டிய இடமானால், பக்கத்துத் தெருவில் படித்த சகோதரி ஒருவரைத் தேடுவது மேல்.

பள்ளி ஆசிரியரே "என்னிடம் டியூஷன் வா" என்று சொன்னால், அதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தடை செய்கிறது. பெரிய கோச்சிங் சென்டர்களில் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது.

வீட்டுக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். எண்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம் 40,000, வேன் 15,000, புத்தகம், சீருடை, மற்ற செலவுகள் 10,000 என்றால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 65,000 ரூபாய். 6 முதல் 12 வரை ஏழு ஆண்டுகளுக்கு, கட்டணம் உயராது என்று வைத்துக்கொண்டாலும், 4,55,000 ரூபாய். அரசுப் பள்ளியும் மாதம் 1,000 ரூபாய் டியூஷனும் என்றால் ஏழு ஆண்டுகளுக்கு 84,000 ரூபாய். வித்தியாசம் 3,71,000 ரூபாய். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் டியூஷனுக்குப் போனால் வித்தியாசம் இன்னும் கூடும்.

இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போவது இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளையைப் படிக்க வைப்பது கடமை. அதற்காக வட்டியில் விழுவது கடமை அல்ல. கட்டணம் கட்ட முடியாமல் போகும் ஆண்டில் முதலில் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளைதான் என்பதையும் மறக்க வேண்டாம். மகனுக்குத் தனியார் பள்ளி, மகளுக்குக் கிடைத்த பள்ளி என்று பிரிப்பதும் நியாயம் இல்லை.

தனியார் பள்ளி சரியான முடிவாக இருக்கும் வீடுகளும் உண்டு. வருமானம் நிலையாக இருக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்ட முடிய வேண்டும், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் பாட ஆசிரியர் இல்லாமல் இருக்க வேண்டும். இப்படியானால் தயங்க வேண்டாம். சேர்ப்பதற்கு முன், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கட்டும் தொகைக்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டுக் கட்ட முடியாமல் தவிப்பவர்கள், மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று பிள்ளையை வீட்டில் உட்காரவைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதத்தைக் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது.

ஜமாஅத்துகளும் இதில் ஒரு வேலை செய்யலாம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை மார்ச் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் உட்காரவைத்து இந்த விவரங்களைச் சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதரஸா அறையிலேயே என்.எம்.எம்.எஸ். பயிற்சி நடத்தலாம். ஊரில் பட்டம் படித்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரம் இரண்டு மாலை அவர்கள் ஒதுக்கினால் போதும், இன்ஷா அல்லாஹ், பல வீடுகளில் டியூஷன் செலவே மிச்சமாகும்.