பெற்றோர் கடனும் பிள்ளையின் ஆட்டமும்

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கடமை என்பது ஒன்று; திருப்பித் தரவேண்டிய பொருள் என்பது மற்றொன்று. பழைய இலக்கியங்களில் கடமை என்ற பொருளே பெருவழக்கு. இன்றைய பேச்சிலோ இரண்டாவது பொருளே முந்தி நிற்கிறது. போட்டி விளையாட்டில் ஒரு பிள்ளையை முழுமையாக ஈடுபடுத்தும் குடும்பத்தின் நிலையை ஆராய்வார்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டும். பெற்றோர் கடமையெனக் கருதித் தொடங்கும் செலவு, ஆண்டுகள் செல்லச் செல்லப் பிள்ளையின் தலைமேல் ஏற்றிய கடனாக மாறிவிடுவதுண்டு. அவ்வாறு மாறாமற் காப்பது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பொன்முடியார் பாடிய புறநானூற்று 312 ஆம் பாடல் ஆசிரியர்கள் நன்கறிந்தது. ஒரு வீரனை உருவாக்கும் பொறுப்பை அது பலர்க்கும் பகிர்ந்தளிக்கிறது. பெற்று வளர்த்தல் தாய்க்கு, சான்றோனாக்கல் தந்தைக்கு, படைக்கலம் செய்து தருதல் கொல்லனுக்கு, நல்லொழுக்கம் தருதல் அரசனுக்கு. அரசன் பங்கு நிலம் வழங்குதல் என்று கொள்ளும் பாடமும் உண்டு. இவையெல்லாம் நிறைந்த பின்னரே களத்தில் நின்று போராடும் பொறுப்பு இளைஞனுக்கு வருகிறது. போரைப் பற்றிய பாடல்தான் அது. எனினும் ஒருவனது திறமைக்கு ஆகும் செலவை ஒரு வீடு மட்டுமே தாங்குதல் இயலாது என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

செலவின் நான்கு வகை

பள்ளித் திடலில் ஆடும் வரை விளையாட்டுக்கு ஆகும் செலவு சிறிது. காலணியும் சட்டையும் வாங்கினால் போதும். மாவட்டப் போட்டியைக் கடந்து மாநிலப் போட்டிக்குப் பிள்ளை தகுதி பெறும் நாளில்தான் கணக்கு மாறுகிறது. அக்கணக்கை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது கருவிச் செலவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பரவலாக ஆடப்படும் பூப்பந்தை எடுத்துக்கொள்வோர், மட்டையின் விலையையே பெரிதாக எண்ணுவர். உண்மையில் மட்டை ஒருமுறை வாங்குவது. பந்தோ நாள்தோறும் தேய்வது. போட்டிக்குரிய பந்தில் 16 இறகுகள் உண்டு. அதன் எடை 4.74 கிராமுக்குக் குறையாமலும் 5.50 கிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இத்துணை மெல்லிய பொருளை வலுவாக அடித்தால் இறகு ஒடியும்; ஒடிந்த பந்து நேர்வழி செல்லாது. எனவே பயிற்சி கடுமையாகுந்தோறும் பந்துச் செலவும் ஏறும். மட்டையின் நரம்பு அறுவதும் அவ்வாறே. பிள்ளை திறமை பெறப் பெறக் கருவிச் செலவு குறைவதில்லை, வளர்கிறது.

இரண்டாவது ஆட்செலவு. பயிற்றுநர் ஊதியம், ஆடுகள வாடகை, காயம் நேர்ந்தால் மருத்துவம், உடலியக்கச் சிகிச்சை ஆகியவை இதனுள் அடங்கும். மூன்றாவது வழிச்செலவு. போட்டி நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், உணவு என இது விரியும். சிறுவர் தனியே செல்லலாகாது. ஆதலின் பயணச் செலவு எப்பொழுதும் இருவர்க்கு உரியதாகிறது.

நான்காவது காலச் செலவு. இதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆதலின் பலர் இதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியற்காலையில் நீச்சற்குளத்துக்கு அழைத்துச் செல்லும் தந்தை மிகுதிநேர வேலையை இழக்கிறார். போட்டிதோறும் உடன்செல்லும் தாய் வேலையையே விட்டுவிடுகிறார். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகள் வார இறுதிகளில் பெற்றோரை இழக்கின்றனர். நான்கனுள் பெரிது இதுவே என்பதை இரண்டு குடும்பங்களின் வரலாறு காட்டும்.

இரண்டு குடும்பங்கள்

சிங்கப்பூரர் ஜோசப் ஸ்கூலிங் 2016 ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலை 50.39 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். சிங்கப்பூர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லெ குளோஸ், அங்கேரியின் லாஸ்லோ செக் ஆகிய மூவரும் 51.14 வினாடியில் ஒருங்கே வந்து வெள்ளியைப் பகிர்ந்தனர்.

இடைவெளி ஒரு வினாடிக்கும் குறைவு. அதற்குப் பின்னால் நின்ற முயற்சியோ ஏழு ஆண்டு. ஸ்கூலிங் தம் பெற்றோர்க்கு ஒரே மகன். 2009 இல் அவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள போல்ஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் மாறி மாறி அங்குச் சென்று மகனுடன் இருந்தனர். அவர்தம் கல்விக்கும் பயிற்சிக்கும் குடும்பம் செலவிட்டது பத்து இலட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் என்று நாளிதழ்கள் எழுதின. அது மட்டுமன்று. தேசிய சேவைக்கு அழைக்கப்படும் வயதில் பயிற்சி முறியாதிருக்க, ஒத்திவைப்புக் கோரி விண்ணப்பிக்கும் பணியும் பெற்றோர் மேல் விழுந்தது. 2013 இல் அவ்வொத்திவைப்பு வழங்கப்பட்டது.

இரண்டாவது குடும்பம் சென்னையைச் சேர்ந்தது. அதன் வெற்றி நிகழ்ந்த இடமோ சிங்கப்பூர். 2024 டிசம்பர் 12 ஆம் நாள், செந்தோசாத் தீவில் நடைபெற்ற உலகச் சதுரங்கப் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரனை வென்று, 18 வயதுடைய தொ. குகேஷ் உலக வாகையர் ஆனார். அவருடைய தந்தை காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர், தாய் நுண்ணுயிரியலாளர். சிறுவனாகிய மகனை நாடு நாடாகப் போட்டிக்கு அழைத்துச் செல்லும்பொருட்டுத் தந்தை தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்தார். குடும்பம் தாயின் வருவாயைச் சார்ந்து நின்றது. 2017, 2018 ஆம் ஆண்டுகளில் பணநெருக்கடி மிகுந்தபோது பெற்றோரின் நண்பர்கள் பொருளுதவி செய்தனர் என்பதைக் குகேஷே பின்னர்க் கூறியுள்ளார். நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிக் கல்வியும் நின்றது.

சதுரங்கத்துக்கு இறகுப் பந்து வேண்டா, நீச்சற்குளமும் வேண்டா. பலகையும் காய்களும் எவர்க்கும் கிட்டும். கருவிச் செலவு மிகக் குறைந்த ஆட்டத்திலும் ஒரு மருத்துவரின் குடும்பம் நெருக்கடிக்கு உள்ளானது என்றால், அதற்குக் காரணம் வழிச்செலவும் காலச் செலவுமே அல்லவா? இரட்டை வருவாய் உடைய கற்றோர் குடும்பமே இவ்வாறு இடர்ப்பட்டது எனின், நாட்கூலியை நம்பி வாழும் வீட்டில் பிறந்த திறமையாளன் எத்துணைத் தொலைவு செல்ல முடியும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முன்னே செலவு, பின்னே பரிசு

அரசுகள் உதவவில்லையா என்ற வினா எழலாம். உதவுகின்றன, எனினும் உதவி வரும் காலத்தை நோக்குதல் தகும். ஒலிம்பிக் தங்கத்துக்காக ஸ்கூலிங் பெற்ற பரிசு பத்து இலட்சம் வெள்ளி. விதிப்படி அதில் ஐந்தில் ஒரு பங்கு நீச்சற் சங்கத்துக்குச் சென்றது. எஞ்சியது, குடும்பம் செலவிட்டதாக எழுதப்பட்ட தொகைக்கும் குறைவே. மலேசியாவில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது நடப்பிலிருந்த திட்டம், வெண்கலம் வென்றார்க்கு ஓர் இலட்சம் ரிங்கிட்டும் மாதம் 2,000 ரிங்கிட் ஓய்வூதியமும் அளித்தது. தங்கத்துக்குப் பத்து இலட்சமும் மாதம் 5,000 ரிங்கிட்டும் என அறிவித்தது.

இப்பரிசுகள் பாராட்டத்தக்கனவே. ஆயினும் அவை வென்ற பின் வருவன. செலவோ வெல்லுமுன் ஆவது. வென்றவர் சிலர்; முயன்றவர் பலர். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பேருந்துக் கட்டணத்தை எதிர்காலப் பதக்கம் செலுத்தாது. இக்குறையை உணர்ந்தே இரு நாடுகளும் வெற்றிக்கு முன்னரே துணைநிற்கும் வழிகளையும் அமைத்துள்ளன. மலேசியாவின் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996 இலும், சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி 2004 இலும் தொடங்கப்பட்டன. முன்னணி வீரர்க்கு உதவித்தொகை வழங்கும் 'ஸ்பெக்ஸ்' திட்டத்தைச் சிங்கப்பூர் 2013 இல் கொண்டுவந்தது. எனினும் இவற்றின் வாயிலை அடையும் அளவுக்குத் திறமை வளரும் வரை, தொடக்க ஆண்டுகளின் சுமை வீட்டின் மேலேயே நிற்கிறது.

பணம் மிகுந்தால் மகிழ்ச்சி மிகுமா?

பெற்றோர் மிகுதியாகச் செலவிட்டால் பிள்ளை மிகுதியாக ஊக்கம் கொள்ளும் என்று கருதுவது இயல்பு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான போக்கைக் கண்டது. குடும்ப வருவாயில் விளையாட்டுக்குச் செல்லும் பங்கு உயருந்தோறும், பெற்றோர் தம்மை நெருக்குவதாகப் பிள்ளைகள் மிகுதியாக உணர்ந்தனர். அந்நெருக்குதல் உணர்வு மிகுந்த இடத்தில் ஆட்டத்தில் பெறும் இன்பமும், தொடர்ந்து ஆடும் விருப்பமும் குறைந்திருந்தன. பணம் தீமை செய்வதில்லை. பணத்தோடு சேர்ந்து வரும் பேச்சும் பார்வையுமே பிள்ளையின் தோளில் சுமையாகின்றன. "உனக்காக எவ்வளவு செலவழித்தோம்" என்ற ஒரு சொல்லே கடமையைக் கடனாக மாற்றப் போதுமானது.

மிக இளம் வயதிலேயே ஒரே ஆட்டத்தில் முடக்கும் வழக்கமும் இச்சுமையைப் பெருக்குகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயது வரை ஒன்றிலேயே முழுதும் முனையாதிருத்தல் நலம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016 இல் அறிவுறுத்தியது. உடற்காயமும் மனச்சோர்வும் அதனால் குறையும் என்பது அதன் கருத்து.

நார்வே நாடு இதனை விதியாகவே வகுத்தது. அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987 இல் ஏற்று, 2007 இல் திருத்தியமைத்த சிறுவர் உரிமை விதிகளின்படி, 11 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் வெளியிடப்படவில்லை; 13 வயதுக்கு முன் தேசிய வாகையர் போட்டியில் சிறுவர் கலந்துகொள்ளவும் இடமில்லை. சிறுவர்க்குப் போட்டிப் பயணம் குறைந்தால் பெற்றோர்க்குச் செலவும் குறையும் என்பது வெளிப்படை. இதனால் நாட்டின் திறமை மங்கிவிட்டதா? சுமார் 55 இலட்சம் மக்களையே கொண்ட அந்நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும், 2022 இல் 16 தங்கப் பதக்கங்களும் பெற்று, இருமுறையும் முதலிடத்தில் நின்றது. நார்வேயின் பனியும் செல்வமும் எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் ஆட்டத்தை ஆட்டமாகவே சிறிது காலம் விட்டுவைத்தல் வெற்றிக்குத் தடையன்று என்பதற்கு அது சான்றாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

திறமையை முதலில் காண்பவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியரே. "பிள்ளையை இதில் விடலாமா?" என்று பெற்றோர் அறிவுரை கேட்பதும் அவரிடமே. அப்போது பாராட்டு மட்டும் போதாது. சில வினாக்களையும் அவர்முன் வைத்தல் நன்று. ஓராண்டுச் செலவை நான்கு வகையாக எழுதிப் பார்த்தனரா? மற்றப் பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டின் அன்றாடத் தேவைக்கும் ஊறு நேராதா? எந்த நாளில் மீண்டும் கூடி ஆராய்வது என்று முடிவு செய்தனரா? ஆட்டத்தை விட நேர்ந்தால் படிப்புக்குத் திரும்பும் வழி திறந்திருக்கிறதா? பரிசே கிட்டாவிடினும் ஆடுவதற்குப் பிள்ளை விரும்புகிறதா? இறுதி வினாவுக்குப் பிள்ளையிடமிருந்தே விடை பெறுதல் வேண்டும்.

பள்ளியும் ஊராரும் ஆற்றும் பணியும் உண்டு. வளர்ந்துவிட்ட மாணவரின் காலணியும் மட்டையும் இளையவர்க்குச் செல்லுமாறு பள்ளியில் ஒரு கருவி நிலையம் அமைக்கலாம். ஒரே போட்டிக்குச் செல்லும் நான்கு குடும்பங்கள் ஒரு வண்டியில் சென்று, முறைவைத்து ஒருவர் மட்டும் உடன்சென்றால் வழிச்செலவு குறையும்; காலச் செலவு கால்பங்காகும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பழைய மாணவரும் நுழைவுக் கட்டணத்தை ஏற்கலாம். குகேஷின் பெற்றோர்க்கு நண்பர்கள் செய்த உதவி இத்தகையதே. உற்ற காலத்தில் வந்த தொகை அது.

தாய், தந்தை, கொல்லன், அரசன் என்னும் நால்வர்க்குரிய பங்கையும் ஒரு தாயும் தந்தையுமே சுமக்க முற்படும்போதுதான், சுமையின் மிகுதியால் பிள்ளையிடம் பதக்கத்தை வட்டியாக எதிர்பார்க்கும் நிலை தோன்றுகிறது. பங்கு பிரிந்தால் எதிர்பார்ப்பும் அளவாகும். அந்நிலையில் தோற்று வீடு திரும்பும் பிள்ளையும் கடன்காரனைப் போலத் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. மறுநாள் மட்டையை எடுத்துக்கொண்டு விருப்பத்தோடு மீண்டும் ஆடச் செல்லலாம்.