ஜெராய் மலை: நிலம், பாறை, வழிபாடு

முன்னுரை

பாடாங் மேஹாவைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலிருந்து, வானம் தெளிந்த காலைகளில் வடமேற்கே நோக்கினால், சமவெளியின் நடுவே தனித்தெழுந்த நீலநிற மலை ஒன்று புலப்படும். அதுவே ஜெராய் மலை. அதன் தென்னடிவாரத்தில் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சுற்றுலாவாக அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கிருந்து அவர்கள் பெரும்பாலும் ஒரே செய்தியுடன் திரும்புகின்றனர்: இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான். அச்செய்தி மெய்யே, ஆயினும் அம்மலையின் வரலாற்றில் அது ஓர் அத்தியாயமே. கோயில்கள் ஏன் இம்மலையடியில் எழுந்தன என்னும் வினாவிற்கு அது விடை தருவதில்லை. அவ்வினாவை நிலத்தியல், பாறையியல், சமய வரலாறு ஆகிய மூன்றையும் இணைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

நிலமும் கடலும்

ஜெராய் ஏறத்தாழ 1,217 மீட்டர் உயரமுடையது. கோலமூடா, யான் ஆகிய மாவட்டங்களின் எல்லையில் அமைந்தது. தீபகற்பத்தின் நடுமலைத்தொடரோடு ஒட்டாமல், மேற்குக் கரையருகே தனித்து நிற்பதே இதன் தனித்தன்மை. வங்கக்கடலைக் கடந்து மலாக்கா நீரிணையின் வடவாயிலை நெருங்கிய கலங்களுக்கு இது தொலைவிலேயே தோன்றும் கரையடையாளமாக விளங்கியது.

மலாய் இலக்கியமான 'ஹிக்காயத் மேரோங் மகாவங்சா' இம்மலையைப் 'புலாவ் செராய்' என்னும் தீவாகக் குறிக்கிறது. இதனை வெறுங்கற்பனை என ஒதுக்குதல் இயலாது. ஏறத்தாழ 5,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதிக் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்றைய நெல்வயல்களிற் பல அன்று கடலடியிலோ சதுப்பிலோ கிடந்தன. வடக்கேயுள்ள சமவெளியின் ஈரநிலத்தை வடித்து நெல்நிலமாக்க, வான் முகமது சாமானின் கால்வாய் 1885இல் தொடங்கி அலோர்ஸ்டாரிலிருந்து இம்மலையடி நோக்கி வெட்டப்பட்டமையும் ஈண்டு நினையத்தக்கது.

கரை நகர்ந்தபோது துறைமுகமும் நகர்ந்தது. மூடா ஆற்றுப் பகுதியிலுள்ள சுங்கை மாஸ் முற்பட்ட துறை. அவ்விடம் இன்று கடலினின்று விலகி உள்நிலத்தில் உள்ளது. பூஜாங் ஆற்றங்கரையிலுள்ள பெங்காலான் பூஜாங் பிற்பட்ட துறை. அங்குச் சீன மட்பாண்டச் சிதைவுகள் பெருமளவிற் கிடைத்துள்ளன. துறைகள் மாறினும் மாலுமிகள் குறிபார்த்த மலை மாறவில்லை.

பாறையும் தொழிலும்

மலையின் பழம்பகுதி ஜெராய்ப் பாறையடுக்கு எனப்படும் குவார்ட்சைட், சிஸ்ட் ஆகிய உருமாற்றப் பாறைகளால் ஆனது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியக் காலத்தில் மணலும் சேறுமாகப் படிந்தவை அவை. நெடுங்காலத்திற்குப் பின்னர் அவற்றினூடே கொதிகுழம்பு புகுந்து ஆறிக் கருங்கல்லாயிற்று. அடிவாரத்தில் இரும்புத் தாதும் உண்டு.

இப்பாறையமைப்பே இங்கு வாழ்ந்தோர்க்குப் பொருள் தந்தது. பீடோங் அருகே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்றூதும் சுடுமண் குழாய்களும், செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன. அவற்றுட் சிலவற்றிற்குக் கூறப்படும் கிறித்துவுக்கு முற்பட்ட காலக்கணிப்புகள் இன்னும் அறிஞரிடையே விவாதத்திற்குரியன. எனினும், வணிகர் வந்திறங்கிய கரை வெறுங்கரையன்று, தொழில் வல்லோர் வாழ்ந்த கரை என்பது தெளிவு. இந்தியரே வந்து நாகரிகத்தை நட்டனர் என்னும் பழைய 'குடியேற்ற'க் கொள்கை இதனால் வலுவிழக்கிறது.

வழிபாட்டின் அடுக்குகள்

சமயச் சான்றுகளுள் முற்பட்டன பெரும்பாலும் பௌத்தம் சார்ந்தவை. 1834இல் ஜேம்ஸ் லோ இன்றைய செபராங் பிறையின் வடபகுதியிற் கண்டெடுத்த கல்வெட்டு, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினது. புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் பெயரைத் தாங்கியது. அவன் வங்கத்து இரத்தமிருத்திகையைச் சேர்ந்தவன்; தமிழகத்தான் அல்லன். சீனத் துறவி இ-சிங் 671இல் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டு, ஸ்ரீவிசயத்தில் தங்கியபின், இந்தியா செல்லும் வழியில் கெடாவிலும் தங்கினார். மலையின் வடபுறத்தே, யான் மாவட்டத்துப் புக்கிட் சோராசில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வுகளிற் சுதைச் சிற்பங்கள் கிடைத்து, பௌத்தச் சான்றுகள் மேலும் பெருகியுள்ளன.

பின்னர் எழுந்தவற்றுள் சைவம் சார்ந்தனவாகக் கருதப்படுவன பல. 1930களிற் குவாரிச் வேல்சும் அவர்தம் துணைவியாரும் இப்பகுதியின் 'சண்டி'களை, அதாவது கோயிற் கட்டட எச்சங்களை, அகழ்ந்து எண்ணிட்டனர். அவற்றுள் எட்டாவதாகிய புக்கிட் பத்து பாஹாட் கோயிலை அலஸ்டர் லாம்ப் பின்னாளில் ஆராய்ந்து மீட்டமைத்தார். விமானமும் மண்டபமும் கொண்ட அதன் அமைப்பு தென்னிந்திய மரபை நினைவூட்டுகிறது. ஆனால் மண்டபத்தில் எஞ்சியவை தூண்களைத் தாங்கிய கல்லடிகளே; மேற்கூரை மரத்தாலும் பிற அழியும் பொருள்களாலும் ஆகியிருத்தல் வேண்டும். கருங்கல்லோ இம்மலையினது. கோயில் நிற்பதும் மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கரையிலேயே. வந்த மரபும் இருந்த நிலமும் கூடிப் பெற்ற கட்டடம் அது.

தமிழ்ச் சான்றுகளையும் இவ்வடுக்கினுள் வைத்தே காணல் தகும். பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்று உரைகண்டார் நச்சினார்க்கினியர். முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1025 அளவில், இராசேந்திரனின் படையெடுப்பு நிகழ்ந்தது. எனவே போருக்கு முன்னரே கொடையும் வணிகமும் இருகரைக்கும் நிலவின. சைவ அரசன் நாட்டில் பௌத்த விகாரம் எழுந்த அவ்வுறவை விடுத்து வெற்றியை மட்டும் கற்பித்தால், கடாரத்தார் தோற்றோராக மட்டுமே மாணவர் மனத்தில் எஞ்சுவர்.

இசுலாம் வேரூன்றிய பின்னரும் மலை தன் மதிப்பை இழக்கவில்லை. மலைமேலுள்ள பாடாங் தோக் சேக் என்னுமிடம் முசுலிம் பெரியோர் நினைவோடு தொடர்புறுத்தப்படுகிறது. ஒரு சமயம் மற்றொன்றன் மேல் படிந்ததேயன்றி, மலை ஒருபோதும் வெறுமையாய் நின்றதில்லை.

காக்கப்பட வேண்டியது எது?

ஒப்புநோக்கச் சப்பானின் கீ மலைத்தொடரைக் கொள்ளலாம். அங்குக் கூக்காய் என்னும் துறவிக்கு 816இல் வழங்கப்பெற்ற கோயா மலையும், மலைத்தவம் போற்றும் யோசினோ-ஓமினேயும், குமானோவும் ஷிந்தோ, பௌத்த நெறிகள் கலந்த தலங்கள். 2004இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது கோயில்களை மட்டும் ஏற்கவில்லை; அவற்றை இணைக்கும் யாத்திரைப் பாதைகளையும் சூழ்ந்த காடுகளையும் ஒருங்கே ஏற்றது. நிலமின்றித் தலமில்லை என்பதே அதன் உட்பொருள்.

ஜெராய் அடிவாரத்திற் கோயில் வேறு, நிலம் வேறு என்னும் நிலை நீடித்தது. அதன் விளைவை 2013இற் கண்டோம். வேல்சு எண்ணிட்ட பதினொன்றாம் சண்டி, தனியார் நிலத்தில் வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது. செய்தி பரவிக் கண்டனம் எழுந்தபோது அது மண்மேடாகியிருந்தது. அருங்காட்சியக வளாகத்திற்குள் பெயர்த்து அமைக்கப்பட்ட சண்டிகள் காக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் அவை எந்த ஓடையை, எந்தத் துறையை நோக்கி நின்றன என்பதைப் பெயர்த்த கற்கள் உரைப்பதில்லை.

முடிவுரை

கெடாவின் தொன்மை குறித்து இரு மிகைகள் வழங்குகின்றன. அனைத்தும் தமிழர் கட்டியவை என்பது ஒன்று. இந்தியச் சமயங்களுக்கு இங்குப் பெரும்பங்கில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சான்றுகளின் முன் நில்லா. மேலும், முதல் மிகை இரண்டாவதற்கே வழிவகுக்கிறது: ஓரினத்தின் சொத்தென முழங்கப்படும் இடத்தைக் காக்கப் பிற இனத்தார்க்கு ஆர்வம் பிறத்தல் அரிது.

ஆகவே தமிழாசிரியர்கள் மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும்போது, கற்றளியைக் காட்டுமுன் மலையைக் காட்டுதல் வேண்டும் என்பதே நம் பரிந்துரை. இக்கல் எங்கிருந்து வந்தது, இவ்வோடை எங்குச் செல்கிறது, கடல் அன்று எங்கிருந்தது என்னும் மூன்று வினாக்கள் போதும். பாடாங் மேஹாவிலிருந்து நாள்தோறும் அம்மலையைக் காணும் மாணவன், அது வென்றவர்க்கு மட்டுமன்றி இரும்பு உருக்கியவர்க்கும், கல் செதுக்கியவர்க்கும், அதைக் குறிபார்த்துக் கரை சேர்ந்தவர்க்கும் உரியது என்று உணர்வானாயின், அடுத்த சண்டியைக் காக்கக் குரல் கொடுப்பவனாக அவனே வளரக்கூடும்.