பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் எண்

பவர் பேங்க் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர்-மணி. 10,000, 20,000, 27,000 என்று ஏறிக்கொண்டே போகும் இந்த எண்ணை வைத்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். மடிக்கணினிக்காக வாங்குபவருக்கு மிகக் குறைவாக உதவும் எண்ணும் அதுதான். அது மின்னூட்டத்தின் அளவை மட்டும் காட்டுகிறது. ஆற்றலின் அளவு வாட்-மணியில் தெரிய வேண்டுமானால் அதை வோல்ட்டால் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். உள்ளே இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தம் பொதுவாக 3.7 வோல்ட். ஆகவே 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட்-மணி. 20,000 என்பது 74. இந்த வாட்-மணிக் கணக்கு பவர் பேங்கின் பின்புறத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய பொடி எழுத்தில் இருக்கும். முதலில் படிக்க வேண்டிய வரி அது.

வீட்டுக்கு வரும் டிஎன்பி மின்சார பில்லில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. விமானத்தில் தடையின்றிக் கொண்டுபோகக்கூடிய ஆகப் பெரிய பவர் பேங்க் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும்; சில சென் காசுக்கு வரும் மின்சாரம். ஜொகூரின் பொந்தியான் மாவட்டம் செர்காட் முக்கிமில் உள்ள தஞ்சோங் பின் அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் மட்டுமே 2,100 மெகாவாட் திறன் கொண்டவை. அவை முழுத் திறனில் ஓடினால், கணக்குப்படி, ஒரே நொடியில் அப்படிப்பட்ட 5,800 பவர் பேங்குகள் நிரம்பிவிடும். எனவே மின்சாரத்துக்குப் பஞ்சமான மாவட்டம் என்று பொந்தியானைச் சொல்ல முடியாது. பவர் பேங்குக்கு வேலை வருவது கம்பி எட்டாத இடத்திலும் நேரத்திலும்: குக்கூப் கடலில் கெலோங் என்னும் மீன்பிடி மேடையில் இரவு தங்கும்போது, தஞ்சோங் பியாய் அலையாத்திக் காட்டின் நடைபாலத்தில் நாள் முழுக்கப் படம் எடுக்கும்போது, சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பேருந்து துவாஸ் இரண்டாம் பாலத்தில் நகராமல் நிற்கும்போது, இடிமழையில் மின்சாரம் போய்விட்ட மாலையில். கடலிலும் காட்டிலும் இன்னொரு செலவும் சேர்கிறது. அலைவரிசை பலவீனமான இடத்தில் கைப்பேசி கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் அலைபரப்பியின் வலிமையைக் கூட்டிக்கொள்ளும். மின்கலம் வழக்கத்தைவிட வேகமாக வடியும்.

74 வாட்-மணி என்று எழுதியிருப்பது முழுவதும் கருவிக்குப் போய்ச் சேராது. மின்கலத்தின் 3.7 வோல்ட்டை 5, 9, 20 வோல்ட் என்று உயர்த்தும் சுற்றிலேயே ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். நேர்மையான தயாரிப்பாளர்கள் இதைக் கணக்கில் கொண்டு, 'மதிப்பிட்ட கொள்ளளவு' என்று இன்னோர் எண்ணையும் போடுவார்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் '5 வோல்ட்டில் 12,000 எம்ஏஎச்' என்று சிறிதாக எழுதியிருந்தால், உண்மையில் வெளியே வருவது 60 வாட்-மணி என்று பொருள். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு கழிவு என்பது இந்த வகைப் பொருளுக்கு இயல்பானது.

அந்த 60 வாட்-மணியை வைத்து என்ன செய்யலாம்? இப்போது பரவலாக இருக்கும் 5,000 எம்ஏஎச் கைப்பேசியின் மின்கலம் ஏறக்குறைய 19 வாட்-மணி. ஏற்றும்போது கைப்பேசிக்குள்ளும் கொஞ்சம் கழிவு உண்டு. இரண்டரை முறை நிரப்பலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. மெல்லிய மடிக்கணினிகளில் 50 முதல் 60 வாட்-மணி வரையிலான மின்கலம் இருக்கும். அதை ஒருமுறைகூட முழுமையாக நிரப்ப முடியாமல் போகலாம். மடிக்கணினிக்கு 'எத்தனை முறை' என்று கேட்பதைவிட 'எத்தனை மணி நேரம்' என்று கேட்பது பொருத்தம். எழுத்து வேலை, இணையப் பாடம், கணக்கு வழக்கு போன்றவற்றுக்கு ஒரு சாதாரண மடிக்கணினி 10 முதல் 15 வாட் வரை இழுக்கும். அப்படியானால் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் நான்கைந்து மணி நேரத்தைக் கூட்டித் தரும். காணொளி தொகுப்பவருக்கும் விளையாடுபவருக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுடைய கருவி அதையே ஒரு மணி நேரத்தில் குடித்துவிடக்கூடும்.

கொள்ளளவு தொட்டியின் அளவு என்றால், வாட் என்பது குழாயின் அகலம். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் குறுகலாக இருந்தால் மடிக்கணினிக்குப் பயனில்லை. 27,000 எம்ஏஎச் கொண்டும் 22 வாட்டுக்கு மேல் தராத பவர் பேங்குகள் சந்தையில் ஏராளம். அவை கைப்பேசிக்கு மட்டும் உகந்தவை. மெல்லிய மடிக்கணினிக்கு 45 முதல் 65 வாட் வரை வேண்டும். பெரிய திரை கொண்டவற்றுக்கு 100. எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மடிக்கணினியோடு வந்த சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் வெளியீடு '20 வோல்ட், 3.25 ஆம்பியர்' என்பதுபோல் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். பவர் பேங்க் அந்த அளவைத் தந்தால் நிம்மதி. பாதியைத் தந்தால், மடிக்கணினி மூடியிருக்கும்போது மெதுவாக ஏறும். வேலை செய்யும்போது ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். சில மடிக்கணினிகள் குறைந்த வாட்டை ஏற்கவே மாட்டா.

எத்தனை வாட் என்று பவர் பேங்கும் கருவியும் தங்களுக்குள் பேசி முடிவு செய்யும் விதிமுறைக்குப் பெயர் யூஎஸ்பி பவர் டெலிவரி. கேபிளைச் செருகியதும் பவர் பேங்க் தன்னிடம் உள்ள 5, 9, 15, 20 வோல்ட் படிகளைச் சொல்லும். கருவி தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் வரை போனால் 100 வாட். 2021இல் வந்த திருத்தம் இதை 48 வோல்ட், 240 வாட் வரை உயர்த்தியது. நடுவில் பலரும் கவனிக்காத ஓர் இடம் கேபிள். சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதாவது 60 வாட்டோடு சரி. அதற்கு மேல் வேண்டுமானால் தன் திறனைச் சொல்லும் சில்லு பதித்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. 100 வாட் பவர் பேங்கைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பழைய கைப்பேசியோடு வந்த கேபிளைச் செருகி, 'சூடேறுகிறது, ஏறவில்லை' என்று குறைப்படுபவர்கள் நிறைய.

கைப்பேசியிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. சாம்சங்கின் வேகமான சார்ஜ் கிடைக்க, வோல்ட்டைச் சிறு சிறு படியாக மாற்றித் தரும் பிபிஎஸ் வசதி பவர் பேங்கில் இருக்க வேண்டும். ஓப்போ போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. பெட்டியில் 80 வாட் என்று பெருமையாகப் போட்டிருக்கும் கைப்பேசி, பொதுவான பவர் பேங்கில் அந்த வேகத்தை எட்டாது.

துளைகளின் எண்ணிக்கையிலும் ஒரு சூது இருக்கிறது. '100 வாட்' என்பது பெரும்பாலும் எல்லாத் துளைகளுக்கும் சேர்ந்த கூட்டுத்தொகை. மடிக்கணினியை மட்டும் செருகினால் 65. பக்கத்தில் கைப்பேசியையும் செருகினால் மடிக்கணினிக்கு 45ஆகச் சுருங்கலாம். இந்தப் பங்கீட்டு அட்டவணை கையேட்டில் இருக்கும். உருண்டைத் துளை கொண்ட பழைய மடிக்கணினி என்றால், அதற்கேற்ற மாற்றுக் கேபிள் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். மூன்று முள் பிளக்கைச் செருகும் வசதியோடு வரும் பெரிய பெட்டிகள் வேறு ரகம். மின்கலத்தின் நேர்மின்சாரத்தை 240 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, அதை மடிக்கணினியின் சார்ஜர் மறுபடி 20 வோல்ட்டாக்குவதால் இரட்டைக் கழிவு. கெலோங்கில் இரண்டு மூன்று இரவு தங்கி விளக்கும் மின்விசிறியும் ஓட்ட வேண்டும் என்பவருக்கு அது சரி. தோள்பையில் போட்டு நடப்பவருக்கு ஆகாது.

வெளியே போகும் வேகத்தைப் பார்ப்பவர்கள் உள்ளே வரும் வேகத்தைப் பார்ப்பதில்லை. 74 வாட்-மணி பவர் பேங்கைப் பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். உள்ளீடு 65 வாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விடிவதற்கு முன் பேருந்தைப் பிடிக்கும் தொழிலாளிக்கு, முந்தைய இரவு தூங்கப் போகும்போது செருக மறந்துவிட்டால், இந்த வேறுபாடுதான் அன்றைய நாளைத் தீர்மானிக்கும். சுவரில் செருகும் சார்ஜரை வாங்கும்போது சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். மலேசியாவில் சார்ஜர்கள் எரிசக்தி ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் மின்சாதனங்கள்.

சந்தையில் 26,800 அல்லது 27,000 எம்ஏஎச்சோடு பல மாடல்கள் நின்றுவிடுவதற்குக் காரணம் விமானம். 27,000ஐ 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் 99.9 வாட்-மணி. பயணி கைப்பையில் தடையின்றிக் கொண்டுபோகலாம் என்று அனைத்துலக விமான விதிகள் வைத்திருக்கும் எல்லை 100. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் இடமில்லை. 30,000 எம்ஏஎச் என்பது 111 வாட்-மணி. சற்றுக் கூடுதல் ரிங்கிட் கொடுத்து அதை வாங்கியவர் சினாய் அல்லது சாங்கி விமான நிலையத்தின் சோதனை மேசையில் அதை விட்டுவிட்டுப் போக நேரிடலாம். எந்த அளவாக இருந்தாலும் அடியில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. சரக்கறையில் தீப்பிடித்தால் யாரும் எட்ட முடியாது.

இந்த விதிகள் 2025இல் மேலும் இறுகின. அவ்வாண்டு ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. அதில் இருந்த 176 பேரும் தப்பினார்கள். தலைக்கு மேல் பெட்டியில் இருந்த பவர் பேங்க் ஒன்றின் உட்புறக் காப்பு சிதைந்ததே காரணமாக இருக்கலாம் என்று புலனாய்வாளர்கள் மார்ச் மாதம் தெரிவித்தார்கள். ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், மலேசியா ஏர்லைன்ஸ் ஆகியவை விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையும் அதற்கு மின்னேற்றுவதையும் தடுத்தன. ஜூன் 28 முதல் சீனா, தன் 3சி பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குகளை உள்நாட்டு விமானங்களில் ஏற்ற மறுத்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடுவதால் பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வாட்-மணி எண் அழிந்துபோன பவர் பேங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதிகாரி அதை நம்ப மாட்டார்.

போலிகளைப் பிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெக்கான் நானாஸ் சாலையோரக் கடையில் அன்னாசியைக் கையில் தூக்கிக் கனம் பார்த்து எடுப்பவருக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும். 18650 என்ற உருளை மின்கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நல்ல தரத்தில் 3,000 எம்ஏஎச் தாங்கும் ஒன்று 45 கிராமுக்குக் குறையாது. 20,000 எம்ஏஎச்சுக்கு ஏழு மின்கலம் வேண்டும். அவை மட்டுமே 300 கிராமைத் தாண்டும். 50,000 என்று சொன்னால் பதினேழு. முக்கால் கிலோவுக்கு மேல். பாசார் மாலாமில் உள்ளங்கை அளவில், 200 கிராம் எடையில், '50,000 எம்ஏஎச்' என்று ஒன்று கிடைத்தால், அந்த எண்ணை அச்சிட்ட காகிதத்துக்கு மட்டுமே அதில் மதிப்பு. தட்டை மின்கலம் கொண்டவற்றுக்கும் எடைக்கணக்கு பெரிதாக மாறாது.

பெயர் பெற்ற நிறுவனம் என்பது மட்டும் காப்பு ஆகிவிடாது. 2025 ஜூனில் சீனாவின் ரோமாஸ் நிறுவனம் மூன்று மாடல்களில் 4,91,745 பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் பவர்கோர் 10000 மாடலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பக் கேட்டது. இருந்தாலும் பெயருள்ள நிறுவனத்தில் வாங்குவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. மாடல் எண்ணை வைத்துத் தேடலாம், மாற்றித் தரச் சொல்லலாம். பெயரில்லாத பெட்டியைத் திரும்பக் கேட்க யாரும் வர மாட்டார்கள்.

ஜொகூரின் மேற்குக் கரையில் வெப்பமும் உப்புக்காற்றும் தனிக் கவனம் கேட்கின்றன. லித்தியம் அயனி மின்கலத்துக்கு 45 பாகைக்கு மேல் மின்னேற்றுவது கேடு. நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 60 பாகையைத் தொடலாம். அங்கே பவர் பேங்கை விட்டுச் செல்வது ஆயுளைக் குறைக்கும், சில வேளை தீயும் வைக்கும். குக்கூப் போன்ற கடலோரத்தில் யூஎஸ்பி-சி துளையின் மெல்லிய தொடுமுனைகளில் உப்பு படிந்து அரிக்கும். மூடியுள்ள உலர்ந்த டப்பாவில் வைத்தால் போதும். கடல்நீரில் விழுந்தெழுந்ததைக் காயவைத்து மறுபடி செருகிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டிருந்தால் அது பல மணி நேரம் கழித்தும் பற்றிக்கொள்ளும்.

சாதாரண லித்தியம் மின்கலம் ஏறக்குறைய 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். இரும்பு பாஸ்பேட் வகை 2,000 சுற்றுகளையும் தாண்டும், ஆனால் அதே ஆற்றலுக்குக் கனம் கூடுதல். அதனால்தான் அது பெரிய பெட்டிகளில் அதிகம் காணப்படுகிறது. பவர் பேங்கின் வயிறு உப்பினாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ, சும்மா இருக்கும்போது சூடானாலோ அதன் காலம் முடிந்தது. அதை வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரியின் அழுத்தியில் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கும் நாள் வரை, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில் வைக்க வேண்டும்.