வாஷிங்டன் வரியும் பழவேற்காட்டு இறாலும்

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காடானது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. மறுபாதிக்குச் சொன்ன முக்கியக் காரணம் வணிகப் பற்றாக்குறை. 2024இல் இந்தியா அமெரிக்காவிடம் வாங்கிய சரக்கைவிட அங்கே விற்றது 4,500 கோடி டாலருக்கும் மேல் அதிகம். 2024-25இல் அமெரிக்காவுக்குப் போன இந்தியக் கடலுணவு மட்டுமே சுமார் 270 கோடி டாலர். பெரும்பகுதி உறைய வைத்த இறால்.

பழவேற்காட்டு ஏரி இறால் அமெரிக்கா போகும் அந்தக் கப்பல்களில் ஏறுவதில்லை. இழுவலைகளில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்று கூறி, இந்தியாவில் பிடிக்கப்படும் இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாகவே ஒதுக்கி வைத்திருக்கிறது. அங்கே போவது பண்ணை வனாமி இறால், பெரும்பாலும் ஆந்திரத்தில் வளர்ந்தது. அப்படியானால் ஏரிக்கரையின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்களுக்கு இந்த வரியால் என்ன வந்தது?

விலை வழியாக வந்தது. வரியைக் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். 2025இல் ஈக்வடார் இறால் 15 விழுக்காடு வரியில் கிடைத்த நிலையில், அவர் இந்திய ஆலையிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். ஆலை பண்ணைக்காரரிடம் குறைத்துக் கேட்கும். ஏற்றுமதியாகாத வனாமி உள்ளூர்ச் சந்தைக்கு மலிவாக வந்தால், ஏரியின் வெள்ளை இறாலும் அதன் பக்கத்தில்தான் விலைபோக வேண்டும். பண்ணைக்காரர் அடுத்த போகத்தில் குஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளலாம். பாடு முறையில் தன் முறை வரும் நாளில் மட்டும் வலை கட்டுகிற ஏரி மீனவருக்கு அந்த நாளைத் தள்ளிப்போட வழியில்லை.

இதே பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களும், வரிக்குக் காரணமாகச் சொன்ன அதே பற்றாக்குறையோடுதான் வணிகம் செய்தார்கள். சோழமண்டலத் துணி அவர்களுக்கு வேண்டும். ஐரோப்பியச் சரக்கை இங்கே கேட்பாரில்லை. தங்கமும் வெள்ளியும் கொடுத்து வாங்கினார்கள். அப்படியும் அவர்கள் நொடித்துப்போகவில்லை. அந்தத் துணியை மசாலாத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றிப் பெரும் லாபம் பார்த்தார்கள். இரண்டு நாடுகளின் கணக்கை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதில் துண்டு விழுந்தால் நட்டம் என்று முடிவுகட்டுவது எவ்வளவு பிழை என்பதற்குப் பழவேற்காடே சாட்சி.

இந்த வரிக்குப் பிறகு, 2025 நவம்பரில் ஏற்றுமதியாளர்களுக்காக 20,000 கோடி ரூபாய்க் கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. நல்லதுதான். ஆனால் ஏற்றுமதியே செய்யாத ஏரி மீனவர் அந்தத் திட்டத்துக்குள் வரவில்லை. வனாமி விலை சரியும் மாதங்களில் ஏரி இறாலுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வைத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே அரசு கொள்முதல் செய்ய வேண்டும்.